எலும்பில் தெரிந்த கலப்பு

சீனரும் தமிழரும் வாழும் எங்கள் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு கண்காட்சிக்கு விளக்கப் பலகைகள் அச்சடித்து மாட்டப் போனபோதுதான் அந்த ஆராய்ச்சியாளரைச் சந்தித்தேன். குள்ளமான தமிழ்ப் பெண்மணி, நரைத்த கிராப்பு. சீனா, கொரியா, ஜப்பானின் பழைய கல்லறைகளில் கிடைத்த மண்டையோடுகளை அளந்து, அக்கால மக்களில் யாருக்கு யார் நெருக்கம் என்று ஆராய்பவர். பேசும்போது தன் கன்ன எலும்பை இரு விரலால் தடவிக்கொண்டே இருப்பார்.

திறப்பு விழாவன்று காலையில், கண்காட்சிக்குச் செலவு செய்த சீனப் பெரியவர் ஒரு பலகையின் முன் நின்றுவிட்டார். "இவர்கள் எல்லோரும் கலந்து வந்தவர்களே" என்றிருந்தது. தம் முன்னோரைப் பற்றி அப்படிப் படிக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. "கலப்பில்லாத தூய வம்சம்" என்று மாற்றச் சொன்னார்.

அந்தப் பெண்மணி என் பக்கம் திரும்பினார்.

"மாத்தாதீங்க அண்ணே. அளந்தது நான். கடல் தாண்டிப் போனவங்க அங்க இருந்தவங்களோட கலந்திருக்காங்க, எலும்புலயே தெரியுது. தூயன்னு போட்டா பொய் லா."

"செலவு அவரோடது அக்கா," என்றேன்.

"அப்ப சுவத்த அவரே வச்சிக்கட்டும்."

தன் பலகைகளைத் தானே கழற்றி அடுக்கினார். பார்வையாளர்கள் வந்ததும், வெறும் சுவர் முன் நின்று வாயாலேயே விளக்கத் தொடங்கினார். காவலாளி வந்து வெளியேறச் சொன்னார். அந்தப் பெண்மணி வாசலுக்கு வெளியே நடைபாதையில் நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் பின்னால் போனார்கள்.

உள்ளே பெரியவரும் நானும் மட்டும் மிஞ்சினோம். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வெளியே போனேன்.

அந்தப் பெண்மணி சொன்ன கணக்கில் பாதி எனக்கு விளங்கவில்லை. முடியும்வரை நின்று கேட்டேன்.