அடுத்த வெள்ளிக் கப்பலுக்கு ஒரு வேண்டுகோள்

ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்பதற்கு எனக்கு இருபத்தாறு வழிகள் தெரியும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, எதிரில் இருப்பவரின் பதவி கூடக் கூட வாக்கியம் நீளும்படி வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன். ரங்கூனில் அலோன் கப்பல்துறைக்குப் பக்கத்தில், உளுந்து ஏற்றுமதி செய்யும் சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது அந்த நோட்டினால்தான் என்று நம்பினேன். உண்மையில் எனக்கு முன்னால் இருந்தவர் சொல்லிக்கொள்ளாமல் சிங்கப்பூர் போய்விட்டதால் கிடைத்தது.

அலுவலகத்தில் மூன்று பேர். முதலாளியைச் சயா என்று கூப்பிடுவோம். இங்கே வாத்தியாருக்கும் முதலாளிக்கும் அந்த ஒரு சொல்தான். பர்மியர், தமிழ் தெரியாது. என் எதிர் மேசையில் ஆவணங்களைப் பார்ப்பவர் மமா, அதாவது அக்கா. அம்மா பர்மியர், அப்பா தமிழர். வாக்கியத்தைத் தமிழில் தொடங்கினாலும் கோபம் வந்தால் பர்மியில்தான் முடிப்பார். மூன்றாவது ஆள் நான்.

உளுந்தை வாங்குகிறவர்கள் சென்னையில் பருப்பு மில் நடத்தும் தமிழர்கள். நானும் தமிழன். ஆனாலும் எல்லாம் ஆங்கிலத்தில்தான் போகவேண்டும் என்பது சயாவின் விதி. ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலும் அவருக்குப் போகும், அவர் படிக்கவேண்டும். ஆக இரண்டு தமிழர்கள், ஒரு பர்மியருக்குப் புரிவதற்காக, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டோம். இதில் யாருக்கும் குறை இருந்ததாகத் தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மமா என் மேசையருகே வந்து நின்றார். வெள்ளிக்கிழமைக் கப்பலில் ஒரு கன்டெய்னர் உளுந்து ஏறவேண்டும். சரக்கில் பூச்சி இல்லை என்று அரசாங்கம் தரும் சான்றிதழ் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். அதற்கான மனுவை முந்தின வாரமே கொடுத்திருக்கவேண்டும்; இனிக் கொடுத்தால் வெள்ளிக்குள் கிடைக்காது. மனு மமாவின் இழுப்பறையில் இருந்தது.

"மறந்துட்டேன் தம்பி. எடுத்து வெச்சேன், அப்படியே மறந்துட்டேன்."

"சயாவுக்குத் தெரியுமா?"

"இந்த வெள்ளிக் கப்பல் கெடைக்காதுன்னு தெரியும். சான்றிதழ் ஆபீஸ்ல லேட் பண்றாங்கன்னு நெனைச்சிக்கிட்டிருக்கார். நான் ஒண்ணும் சொல்லல." சற்று நின்றார். "இதைவிடச் சின்னதுக்கு ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பியிருக்கார்."

நிலைமை எளிமையானது. அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்பினால் போதும் என்று சென்னை சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்லாவிட்டால் வியாபாரம் முறியும், ஏன் முறிந்தது என்று சயா தேடுவார், இழுப்பறைக்கு வந்து சேருவார். மமாவின் சம்பளத்தில்தான் க்யிம்யிண்டைங் பேட்டையில் அவர் வீட்டில் நான்கு பேர் சாப்பிட்டார்கள்.

எனக்கு உள்ளூர மகிழ்ச்சி என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்கு மாதமாக 'இணைப்பைக் காண்க' என்று மட்டுமே எழுதிவந்தவன் நான்.

அன்று சாயங்காலமே எழுதி முடித்து மமாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அடுத்த வெள்ளிக்கிழமைக் கப்பலில் அனுப்ப அனுமதிப்பீர்களா என்ற இடம் வந்ததும் மமாவின் முகம் சுருங்கியது.

"இப்படியா மொகத்துக்கு நேரா கேக்குறது? ஆனாடெ தம்பி."

ஆனாடெ என்பது, அடுத்தவருக்குச் சங்கடம் வந்துவிடுமோ என்று முன்கூட்டியே நமக்கு வந்துவிடும் சங்கடம். ரங்கூனில் எல்லோருக்கும் உண்டு. பக்கத்து வீட்டு ஏணி வேண்டுமென்றால் நம் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசவேண்டும். ஏணி தானாக வரும். ஏணி என்ற சொல்லை வாயால் சொன்னவன் சரியாக வளர்க்கப்படாதவன்.

"அந்த வரிய எடுத்துடு. அவங்களே புரிஞ்சிப்பாங்க," என்றார் மமா.

எடுத்தேன். மிச்சம் இருந்தது நல்ல கடிதம். இந்த ஆண்டு மழை அதிகம் என்று இருந்தது. அங்கே எல்லோரும் நலமா என்ற விசாரிப்பு இருந்தது. கப்பல்கள் மனித விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல என்று இருந்தது. வெள்ளிக்கிழமைகள் வாரந்தோறும் வருகின்றன என்பதையும் மென்மையாகச் சுட்டியிருந்தேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. 'நோட்டட் வித் தேங்க்ஸ்.'

"சரின்னு அர்த்தமா?" என்றார் மமா.

"குறிச்சிக்கிட்டாங்களாம்."

"எதை?"

இருவரும் கடிதத்தை மறுபடி படித்தோம். குறித்துக்கொள்ளும்படி அதில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை முழுவதும் இரண்டாவதற்குப் போனது. இந்த முறை வேண்டுகோள் இருந்தே ஆகவேண்டும் என்று சண்டை போட்டு ஜெயித்தேன். மமாவின் ஆனாடெயும் என் நோட்டும் சேர்ந்து ஏழு வரியில் ஒரே வாக்கியமாக அது உருவானது. தங்களுக்குச் சிரமமில்லை என்றால், சாத்தியப்படுமாயின், பரிசீலிக்க இயலுமோ என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்ததாகத் தெரிவித்தோம். சான்றிதழ் விஷயத்தில் ஒரு தாமதம், மழை பெய்வதைப் போல, யாரும் செய்யாமல் தானாக நேர்ந்திருந்தது.

மமா மூன்று முறை படித்தார். "அழகா இருக்கு. நான் எங்கயுமே இல்ல."

"அதுக்குத்தானே எழுதுனது."

வியாழக்கிழமை பகல் பதில் வந்தது. 'உங்களுக்கு என்ன வேண்டும் என்று தெரிவிக்கவும். கன்டெய்னர் நாளை ஏறுகிறது அல்லவா?'

"சென்னை என்ன சொல்லுது?" என்று அறைக்குள்ளிருந்து சயா பர்மியில் கேட்டார்.

"எழுதிக்கிட்டே இருக்கோம் சயா," என்றேன். அது பொய்யில்லை.

மூன்றாவது கடிதத்தைத் தொடங்கினேன். முதல் வாக்கியத்தில் நன்றிக்கும் வருத்தத்துக்கும் எது முன்னால் வரவேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, மணி மூன்றாகப் போகிறது, மமா என் நாற்காலியைப் பிடித்து ஆட்டினார்.

"நகரு."

அவருக்கு ஒற்றை விரல் தட்டச்சுதான். ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. நாளைய கப்பலைத் தவறவிட்டோம். சான்றிதழ் மனுவைக் கொடுக்க நான் மறந்துவிட்டேன். தவறு என்னுடையது. அடுத்த வெள்ளிக் கப்பல் சரியா? சரியா இல்லையா என்று இன்றே சொல்லுங்கள், ப்ளீஸ்.

"மமா, டியர்கூட இல்ல."

"இருக்கட்டும்."

"சயாவுக்கு நகல் போகும்."

விரல் நின்றது. கீழே ஜெனரேட்டர் இருமிவிட்டு மறுபடி ஓடியது.

"அவருக்குப் புரியாதபடி எழுதினோம்," என்றார் மமா. "அவங்களுக்கும் புரியல." அனுப்பிவிட்டார்.

எட்டு நிமிடத்தில் பதில். 'சரி. அடுத்த வெள்ளி. புதிய தேதியோடு ஆவணங்களை அனுப்பவும்.' கீழே இன்னொரு வரி: 'முதல் மின்னஞ்சலைப் பண்டிகை வாழ்த்து என்று நினைத்தோம். உங்களுக்கும் வாழ்த்துகள்.'

நாங்கள் மகிழ்வதற்குள் சயா மமாவை உள்ளே கூப்பிட்டார். மமா முதலில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். மேசையில் இருந்த பிள்ளைகளின் படத்தையும் போட்டுக்கொண்டார். பிறகுதான் போனார்.

அவருக்காக மன்னிப்புக் கேட்டு சயாவுக்கு நான் ஒரு மின்னஞ்சல் தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்துக்குள் மமா வெளியே வந்துவிட்டார்.

"என்ன சொன்னார்?"

"மனு எங்கன்னு கேட்டார். இழுப்பறையிலன்னேன். அப்புறம் ஏன் இங்க நிக்கிறேன்னார். கவுன்டர் நாலு மணி வரைக்கும் இருக்காம்."

"வேலை?"

"இருக்கு. கப்பல் போனப்புறம் கூப்பிட்டுத் திட்டுவாராம். இப்ப நேரமில்லையாம்." இழுப்பறையைத் திறந்தார். "உன்னையும் கேட்டார். ரெண்டு நாளா என்ன எழுதினான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நல்ல இங்கிலீஷ்னு சொன்னேன்."

"அவர்?"

"கேக்குற கடுதாசி எல்லாம் இனிமே நான்தான் எழுதணுமாம். நன்றி, வாழ்த்து, துக்கம், இதெல்லாம் ஒனக்கு." குடையை எடுத்தார். "என்ன பாக்கிற? வா, நீ டாக்சி பிடி, நான் பேப்பர நனையாம பிடிச்சிக்கிறேன்."

நான்கு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கவுன்டரை அடைந்தோம். ஜன்னலுக்குள் இருந்த பெண்மணி மனுவை வாங்கி, தேதி முத்திரை குத்தி, ரசீதைத் தள்ளினார். டாக்சிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். மமா வரவில்லை. ஜன்னலோரம் நின்றபடி, ரசீதை இரண்டு கையாலும் பிடித்து, மை காயும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.