பொங்கலன்று துடைத்த கார்

தொண்ணூறுகளில் கனடாவில், மொன்றியல் நகரின் செயின்ட்-மிஷேல் பகுதியில் குடியிருந்தேன். ஒரு பொங்கலன்று நான் கோயிலுக்குப் போவதற்காக, பக்கத்து வீட்டு அந்தோனி தன் புதுக் காரைக் கொடுத்தார். பனி உருகச் சாலையில் தூவிய உப்பு அதன்மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது. பொங்கலும் அதுவுமாக அழுக்கு வண்டியில் போவதா? தண்ணீர் ஊற்றினால் உறைந்துவிடும் என்று காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். அவர் மனைவி மேரி ஜன்னலிலிருந்து பார்த்துக் கையசைத்தார்.

மாலையில் சாவியைக் கொடுக்கப் போனபோது அந்தோனி காரைச் சுற்றி வந்தார். முன்பக்கம் முழுக்கக் கீறல்.

"உமக்கு எத்தனை தரம் சொன்னனான், பிரஷ்ஷால பனியை உரஞ்சாதேயும் எண்டு?" என்று மேரியிடம் கத்தினார்.

சாலையில் உப்போடு சேர்த்துத் தூவும் மணல்தான் என் துணியில் சிக்கிக் கீறியிருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. ஆனாலும் சாவியை மட்டும் அவரிடம் நீட்டினேன். மேரி என்னை ஒருமுறை பார்த்தார்.

"சரி, பேந்து கதைப்பம். ஐயா குளிருக்குள்ள நிக்கிறார், உள்ள வரச் சொல்லுங்கோ" என்றார்.

தேநீரும் அவரே கொண்டுவந்தார். வாங்கிக் குடித்தேன்.

இப்போதெல்லாம் சூடேற்றிய கராஜில், வெதுவெதுப்பான நீரால் உப்பும் மணலும் போன பிறகுதான் காரில் துணி வைக்கிறேன். அந்தோனி காலமாகிவிட்டார். அந்தக் கீறல்கள் மேரி போட்டவை என்றே கடைசிவரை நம்பியிருந்தார்.