சாமிக்குப் படைத்த சாக்லேட் புட்டிங்

இலங்கை மலையகத்தில், ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரை பங்களாச் சமையல்காரர் மாசிலாமணிக்கு மூக்குக்கு மேல் கோபம். ருசி பார்க்காமல் அவர் எதையும் மேசைக்கு அனுப்பியதில்லை. 1957இல், மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருந்த சமயம், மனைவி சிலம்பாயி கேட்டாள்: "பங்களாவுல செய்யிற சாக்லேட் புட்டிங்க நம்ம லயத்து வீட்டுலயும் ஒருநா செய்யுங்களேன்."

காப்பு நாளில் முட்டை ஆகாது. பக்கத்து வீட்டு மாடும் பால் வற்றிப்போயிருந்தது. அதனால் தேங்காய்ப்பாலில் அரிசிமாவையும் கடையில் வாங்கிய கொக்கோவையும் கரைத்து, கட்டிதட்டாமல் கிண்டினார். கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனபோது சிலம்பாயி கையைப் பிடித்தாள்.

"சாமிக்குப் படைக்காம எச்சி பண்ணாதீங்க!"

முணுமுணுத்துக்கொண்டே இறக்கிவைத்தார். படைத்த பிறகு இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் வாயிலேயே அவர் முகம் கோணியது. வேப்பங்காய்க் கசப்பு! பங்களா டின்னில் இருந்தது சீனி கலந்த கொக்கோ. அதே நினைப்பில் இதற்கும் அவர் தனியாகச் சீனி போடவில்லை; இதுவோ வெறும் கொக்கோ.

"ருசி பாக்க விட்டியா நீ?" என்று கத்தினார்.

சிலம்பாயி, சீனி போடாத வெறும் தேத்தண்ணீருக்குச் செய்வதுபோல, உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டை வைத்து ஒரு கடி கடித்துக்கொண்டு, ஒரு வாய் புட்டிங் தின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு."

மாசிலாமணி அவளையே பார்த்தார். பிறகு உள்ளங்கையை நீட்டினார்.

"பெரிய துண்டாக் குடு."