இருமல் இல்லாத வண்டி

அந்த மோட்டார் சைக்கிள் வேண்டாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். பிறகு வாங்கலாம் என்று சொன்னவளும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் பதினாலு நாள். அந்தப் பதினாலு நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வரும்.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த காலம். நாங்கள் நெய்யாற்றின்கரைப் பக்கம் கொல்லயில் என்ற ஊரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் குழித்துறைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். காலையில் கஞ்சி குடித்துவிட்டுப் பாறசாலைவரை நடந்துபோய், அங்கிருந்து தெற்கே போகிற பஸ்ஸைப் பிடிப்பார். பஸ் ஓடுகிற நாளில் ஒரு கஷ்டமும் இல்லை. ஆனால் அந்த வருஷங்களில் பஸ் ஓடுவதும் ஓடாததும் யார் கையில் இருந்தது? இன்றைக்கு மறியல், நாளைக்குக் கடையடைப்பு, மறுநாள் ரோட்டில் தென்னை மரம் வெட்டிப் போட்டிருக்கும். மனுஷன் குழித்துறைவரை நடப்பார். போய்ச் சேரும்போது இரண்டாவது பீரியடு முடிந்திருக்கும்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியர் கூப்பிட்டு, இன்னும் ஒரு மாதம் பார்ப்பேன், அதற்குமேல் பிந்தினால் வேறு ஆளைப் போட மேனேஜருக்கு எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பிள்ளைகள் எத்தனை நாள்தான் சும்மா உட்கார்ந்திருக்கும்?

இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த பஸ்ஸை மறித்தவர்களில் ஒருத்தன் என் தம்பி. நாங்கள் பிறந்த வீடு விளவங்கோட்டுப் பக்கம். தமிழ் பேசுகிற இடமெல்லாம் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கிளம்பினவன், வேலையையும் விட்டு, வீட்டையும் விட்டு, போலீஸ் வாரண்டோடு ஊர் ஊராக ஒளிந்து திரிந்தான். நெய்யாற்றின்கரையும் நமக்குத்தான் வரும் என்று சொல்லி இந்தப் பக்கத்துக் கிராமங்களில்தான் அதிகம் சுற்றினான். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை, பொழுது சாய்கிற நேரத்தில், மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த விளை வழியாகக் குனிந்து வந்து என் அடுக்களை வாசலில் நிற்பான்.

"அக்கா, சோறு உண்டா?"

அவ்வளவுதான் கேட்பான். அவன் தட்டில் சோறு விழுகிற நாளில்தான் எனக்கும் தொண்டையில் சோறு இறங்கும். கல்யாணமாகி வந்த பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு தட்டு மட்டும்தான். அம்மாவும் அப்பாவும் போய்விட்டார்கள்.

என் வீட்டுக்காரர் அவனைத் திட்டமாட்டார், கேலி பண்ணுவார். "எலே, இண்ணு எந்த இடத்துல மறிச்ச? முன்கூட்டிச் சொன்னா அந்த எடம் வரைக்குமாவது நான் பஸ்ஸுல போவேன்லா?" என்பார். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். "அத்தான், கொஞ்ச நாளைக்காக்கும். பொறவு நம்ம சர்க்காரு, நம்ம பஸ்ஸு," என்பான். பஸ்ஸை மறிக்கிறவனுக்கும் பஸ் கிடைக்காமல் நடந்து கால் வீங்கினவருக்கும் ஒரே பானையிலிருந்து சோறு போட்டேன் நான்.

அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிள் விற்கிறான் என்ற சேதி வந்தது. பட்டாளத்தில் டிரைவராக இருந்து திரும்பினவன். உலகச் சண்டை முடிந்ததும் பட்டாளம் கழித்துவிட்ட வண்டி. பச்சை நிறத்துக்கு மேலே கறுப்பு அடித்திருந்தான். விலையைக் கேட்டுவிட்டு வந்த இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்ல சைக்கிள் இரண்டு வாங்குகிற பணம்தானாம். வாத்தியார் பயிற்சிக்குப் படித்தபோது கூட்டுக்காரன் ஒருத்தனின் வண்டியை ஓட்டிப் பழகியதும் உண்டு. இனி எந்த மறியலுக்கும் பயப்பட வேண்டாம், வயல் வரப்பிலும் போய்விடலாம் என்றார்.

"இவ்வளவு மலிவா ஏன் குடுக்கான்?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் பண முடை."

"முடை உள்ளவன் வெலைய ஏத்தில்லா சொல்லுவான்? அந்தச் சவத்துல என்னமோ இருக்கு. எனக்கு வேண்டாம்."

அவர் போய் அதையே அவனிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஆள் மலையாளத்தில், "ஒரு குழப்பவும் இல்லா சாரே. பதினஞ்சு திவசம் ஓட்டி நோக்கு. பிடிச்செங்கில் மதி," என்று, பிடித்தால் வாங்கினால் போதும் என்ற பேச்சில், சாவியே இல்லாத அந்த வண்டியைச் சும்மா தந்துவிட்டான். எனக்குச் சந்தேகம் இரட்டித்தது. பதினைந்து நாள் சும்மா கொடுக்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று நினைத்தேன். எஞ்சினில் கோளாறு இருக்கும், திருட்டு வண்டியாக இருக்கும் என்றெல்லாம்தான் என் புத்தி போயிற்று.

முதல் நாள் சாயங்காலம் அவர் அதில் ஏறி வந்த வரத்து இருக்கிறதே! சபைக் கோயில் ஏற்றத்துக்கு அந்தப் பக்கமே சத்தம் கேட்டது. எங்கள் ஊர்ச் சாயாக்கடையில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவர் வந்து பார்த்தால் ஆவி பறக்கிற கிளாசுகள் மட்டும் பெஞ்சில் இருந்தனவாம், ஆள் ஒருத்தரும் இல்லை. கடைக்காரர்கூட அடுப்பை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். ஊருக்குள் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர்தான் என்பது எங்களுக்கு மறந்தே போயிற்று.

எனக்கு மறக்காமல் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் அந்த நேரம் தம்பி என் அடுக்களையில் இருந்தான். முதல் கவளத்தை வாயில் வைத்திருந்தான். சத்தம் கேட்டதும் தட்டு அங்கே, ஆள் விளைக்குள்ளே. மரச்சீனி இலை ஆடுவது மட்டும் தெரிந்தது. அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "எப்படி?" என்று பெருமையாகக் கேட்டபடி உள்ளே வந்தார். நான் அந்தத் தட்டைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போனது.

அதற்குப் பிறகு ஐந்து நாளாகியும் தம்பி வரவில்லை. நான் தினமும் அவனுக்கும் சேர்த்து அரிசி போட்டு, தினமும் பழைய சோறு தின்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று சண்டை போட்டேன். ஆனால் அந்த ஐந்து நாளும் அவர் முதல் மணி அடிப்பதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் இருந்தார். தலைமையாசிரியர் அவரைப் பார்த்துச் சிரித்தாராம். அதைச் சொல்லும்போது அவர் குரல் பிள்ளைக் குரல் மாதிரி இருந்தது. அவர் வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. வண்டி இருந்தால் என் தம்பி வரமாட்டான். நான் யாருக்காகப் பேசுவது?

அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். கோயில் ஏற்றத்துக்கு அந்தப் பக்கமே எஞ்சினை அணைத்துவிட்டு வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தார். அந்த எருமைக் கனத்தை ஏற்றத்தில் தள்ளி, சட்டையைப் பிழிந்தால் ஒரு செம்பு வேர்வை வரும். மூன்று நாள் இப்படித் தள்ளினார். நாலாவது நாள் சாயாக்கடைக்காரரே ரோட்டில் இறங்கி வழிமறித்தார்.

"சாரே, நீங்க ஏன் இந்தப் பாடு படுதிய? ஓட்டிட்டே வாருங்க. உங்க வண்டி நல்லா இருமும்லா, எங்களுக்குத் தெரியாதா?"

அது உண்மைதான். ஏற்றத்தில் ஏறும்போது அந்த வண்டி மூன்று தடவை இருமும். காசநோய்க்காரர் இருமுகிற மாதிரி இருமிவிட்டுத்தான் மேலே வரும். அவருக்கு அதில் வெட்கம். ஆனால் ஊருக்கு அது அடையாளமாகிவிட்டது. சத்தம் கேட்டதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இருமல் கேட்டால் உட்கார்ந்துவிடுவார்கள். ஜெபக்கூட்டம் நடக்கிற வீட்டில்கூடப் பாட்டை நிறுத்திக் காது கொடுத்து, இருமினதும் விட்ட அடியிலிருந்து தொடங்குவார்களாம். நான் ஒரு பொடிப் பிள்ளையிடம் சொல்லியனுப்பி, இந்தச் சேதியைத் தம்பி காதுக்கும் எட்டவைத்தேன்.

அவன் வந்தான். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்துத் தினமும் வந்தான். முதல் இரண்டு முறை சத்தம் கேட்டதும் எழுந்து விளைப் பக்கம் போய் நின்றான். மூன்று இருமலையும் விரல் விட்டு எண்ணிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தான். மூன்றாவது முறை எழவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டான். "கொள்ளாம் அக்கா, நல்ல அடையாளம், இந்த வண்டிக்கு இருமல் மருந்து குடுத்திராதிய," என்று சொல்லிச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என் அடுக்களையில் மூன்று பேர் சிரித்தோம்.

பதினாலாவது நாள் காலையில் நானே சொன்னேன். "வாங்கிருவோம். எனக்க கைவளையல வச்சுக்கிடுங்க." அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் இருக்கிறது. நாளைக்குப் பணம் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் பாக்கி என்றார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நெய்யாற்றின்கரைக்குப் போய், அந்த ஆளையே வைத்து இருமலைச் சரிபண்ணிவிட்டு வருவேன், கெட்ட வண்டியை வாங்க எனக்கென்ன பைத்தியமா என்றார்.

நான் தலையாட்டினேன். ஐயோ, நான் தலையாட்டினேன். அந்த இருமலால்தான் என் தம்பி சோறு தின்கிறான் என்பது எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. வாங்குகிற பொருள் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்ற ஒரே நினைப்புத்தான் இரண்டு பேருக்கும்.

அன்றைக்குச் சாளைமீன் கறி. தம்பி வந்து உட்கார்ந்தான். பாதிச் சோறு தின்றிருப்பான். ஏற்றத்துக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. வழக்கம்போலக் காதைத் தீட்டினான். சத்தம் ஏற்றத்தில் ஏறி, வழுக்கிக்கொண்டு இறங்கி, எங்கள் இடவழிச் சந்துக்குள் திரும்பிவிட்டது. ஒரு இருமல்கூட இல்லை. அவன் கையை ஊன்றி எழுந்தான்.

"அக்கா, இருமல் இல்லியே."

"ரிப்பேர் பாத்தாச்சு மக்கா. இண்ணு பாக்கப் போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாவ. உட்காரு. அத்தானாக்கும்."

அவன் என் முகத்தைப் பார்த்தான். உட்கார்ந்தான்.

வாசலில் வந்து நின்றது இன்ஸ்பெக்டர் வண்டி. வயல் வழியாக வந்த இரண்டு போலீஸ்காரர்கள் ஏற்கெனவே விளைக்குள் நின்றார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை. கை கழுவட்டும் என்று அவர்களே சொன்னார்கள். நான் செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றினேன். தண்ணீர் பாதி அவன் வேட்டியில் விழுந்தது. "பரவாயில்ல அக்கா," என்றான். "வாறேன்," என்றான்.

அரைமணி நேரம் கழித்து இன்னொரு சத்தம் ஏற்றத்தில் ஏறியது. அதிலும் இருமல் இல்லை. ஊரில் ஒரு விளக்கு இல்லை, ஒரு மனுஷ அனக்கம் இல்லை. என் வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு இறங்கினார். "கேட்டியா? புதுவண்டி மாதிரில்லா இருக்கு!" என்றார். நான் தட்டை எடுக்காமல் அப்படியே விட்டிருந்தேன். அதைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வண்டியை நிறுத்தக்கூடத் தோன்றாமல் கையை விட்டுவிட்டார். அது தென்னை மரத்தில் சாய்ந்து நின்றது.

விடிந்ததும் அவர் அதைத் தள்ளிக்கொண்டே நெய்யாற்றின்கரைக்குப் போனார். ஒரு அடிகூட ஓட்டவில்லை. விற்கிற ஆள் ஏன் என்று கேட்கவில்லையாம். "நான் வந்நால் என்றெ சொந்தக்கார் போலும் வாதில் திறக்கில்லா சாரே. அதுகொண்டாணு விற்கான் நோக்கியது," என்றானாம். வண்டிச் சத்தத்தைக் கேட்டுச் சொந்தக்காரர்கூடக் கதவைத் திறப்பதில்லை, அதனால்தான் விற்கப் பார்த்தானாம். இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா பாவி என்று நான் கத்தினேன். சொல்லியிருந்தாலும் வேறு மாதிரி செய்திருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

இவர் வேலை எப்படியோ தப்பியது. இருட்டோடு எழுந்து நடந்தே போனார், போராட்டம் முடிகிறவரைக்கும். தம்பி சில மாதங்கள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். பிறகு எல்லைக் கோடு போட்டார்கள். அது களியக்காவிளையோடு நின்றுவிட்டது. அவன் தமிழ்நாட்டுப் பக்கம், நாங்கள் மலையாளத்துப் பக்கம். நீங்கள் எல்லாம் ஜெயிச்சிட்டீங்களே என்று யாராவது அவனிடம் சொன்னால், எனக்க அக்கா இன்னும் அங்கதானே இருக்கா என்பான்.

அந்த நாளைப்பற்றி அவன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. மாதத்துக்கு ஒருமுறை எல்லை தாண்டி வருவான். ஒளிவு மறைவில்லாமல் முன்வாசல் வழியாக வந்து உட்கார்ந்து தின்பான். இப்போது எங்கள் இடவழியில் எத்தனையோ மோட்டார் சைக்கிள் போகிறது. அவன் தலையைத் தூக்குவதே இல்லை. நான்தான் கறிச்சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசல்வரை போய் யார் என்று பார்த்துவிட்டு வருகிறேன்.