வலிக் கட்டத்தில் நான் போட்ட சைபர்

"மிஸ்ஸி, அவன் அழுறான்."

குழந்தையின் அம்மா அப்படிச் சொன்னபோது நான் அவன் குறிப்புத் தாளின் வலிக் கட்டத்தில் சைபர் போட்டுக்கொண்டிருந்தேன்.

கிள்ளான் மருத்துவமனையில், குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாகச் சேர்ந்து நாலாவது மாதம். எண்ணூறு கிராம் ஆண் குழந்தை, பிறந்து இரண்டு வாரம், தொண்டைக்குள் சுவாசக் குழாய். குதிகாலில் குத்தி அப்போதுதான் இரத்தம் எடுத்திருந்தோம். சத்தமே இல்லை. அதனால் சைபர்.

நிமிர்ந்து பார்த்தேன். வாய் முழுக்கத் திறந்திருந்தது. புருவம் நெரிந்து, விரல்கள் விறைத்து விரிந்திருந்தன. குழாய் குரல்நாண்களுக்கு நடுவே போகிறது, சத்தம் எப்படி வரும்? படித்ததுதான், பரீட்சையில் எழுதியதுதான்! ஆனாலும் இத்தனை நாளும் காதால்தான் அவன் வலியை அளந்திருக்கிறேன்.

சைபரைக் கோடிட்டு அடித்துக் கையெழுத்துப் போட்டேன். பழைய தாள்களைப் புரட்டினால் என் கையெழுத்தில் வரிசையாகச் சைபர்கள். குதிகால்கள் இரண்டும் கன்றிக் கிடந்தன. மாலை செந்தூலுக்குத் திரும்பும் கொமுட்டர் ரயிலில் இடமிருந்தும் நின்றே போனேன்.

வலி குறைய, சர்க்கரைக் கரைசலை நாக்கில் துளி விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்துக் குத்த வேண்டும். அவசரத்தில் துளியும் ஊசியும் ஒன்றாகவே போகும். மறுநாள் குத்த வந்த டாக்டரை நிறுத்தினேன்.

"ரெண்டு நிமிசம், டாக்டர்."

"இன்னும் நாலு பேபி இருக்கு லா. அதுக்குள்ள நான் கன்டீன்ல தே தாரேக்கே குடிச்சிருவேன்."

"குடிச்சிட்டு வாங்க. இவன் எங்கயும் ஓடிற மாட்டான்."

முறைத்தார், ஆனால் நின்றார். நான் அவன் தலையை ஒரு கையாலும் மடக்கிய கால்களை மறு கையாலும் பொத்திப் பிடித்தேன். ஊசி குத்தியதும் அவன் புருவம் நெரிந்தது, சீக்கிரம் தளர்ந்தது. வலிக் கட்டத்தில் நாலு என்று எழுதினேன். வலி மருந்து போதுமா என்று டாக்டர்கள் ரவுண்டில் முதன்முறையாகப் பேசினார்கள்.

வெள்ளிக்கிழமை ஸ்கேனில் மூளைக்குள் இரத்தக் கசிவு தெரிந்தது. அம்மாவிடம் மறைக்காமல் சொன்னார்கள். பக்கத்து ஊர் மேருவில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். இதுவரை அவனைத் தொட்டதே இல்லை, கைகளைப் பின்னால் கட்டியபடியே நிற்பார்.

"நான் தொட்டா மெஷின் கத்திருமா மிஸ்ஸி?"

"கத்தினா நான் பாத்துக்கிறேன்க்கா."

"வீட்டுக்கு வருவானா?"

"தெரியலக்கா."

தலையாட்டினார். பிறகு பின்னால் கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவந்து பார்த்தார்.

நாளைக் காலை பத்து மணிக்கு அவனுக்குப் புதிதாக நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும். அம்மாவை முழங்கை வரை கழுவிவிட்டு, உள்ளங்கைகளைச் சூடேறத் தேய்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு கை தலையில், ஒரு கை கால்களில். நான் துளி விடுவேன். டாக்டர் காத்திருக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு நிமிடம் அவன் அம்மாவின் கைகளுக்குள் இருப்பான், அப்புறம்தான் ஊசி.