கை நனைக்காத பஃபே

புத்தாண்டு அன்று மத்தியானம், தூத்துக்குடியில் கடலைப் பார்த்த ஒரு பெரிய ஹோட்டலில், நண்டு, இறால், பிரியாணி, பாயசம் என்று ஊர்ப்பட்ட சாப்பாட்டுக்கு நடுவே உட்கார்ந்து நாங்கள் பட்டினி கிடந்தோம். நாங்கள் மட்டுமில்லை... எதிரே உட்கார்ந்திருந்தவர்களும்!

முதலிலிருந்தே சொல்கிறேன்.

வாராவாரம் இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்கு என் குணம் தெரியும். ஓசியில் ஒருவர் கடலைமிட்டாய் நீட்டினால்கூடத் திருப்பிப் பார்த்துத்தான் வாயில் போடுவேன். பேங்க்கில் கேஷியராக இருந்து நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பழகிய கை. ரிட்டயர் ஆன பிறகு தூக்கிப் பார்க்க நோட்டு இல்லை. அதனால் மனிதர்களைத் தூக்கிப் பார்க்கிறேன்.

என் மகள் நிவேதாவுக்கு ஒரு வரன் வந்தது. விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் மண்டி வைத்திருக்கிற குடும்பம். பையன் பெயர் கார்த்திக். நிவேதா சென்னையில் வேலை பார்க்கிறாள். ஆறு மாதமாக எந்த வரனைச் சொன்னாலும் 'வேண்டாம்' என்ற ஒரே பதில்தான். இந்தப் பையன் போட்டோவைப் பார்த்துவிட்டு, "சரிப்பா, பாப்போம்" என்றாள். வீட்டில் எங்களுக்கு அதுவே பெரிய திருவிழா.

தரகர் போன் செய்தார். பையன் வீட்டார், எங்கள் ஊர் கோவில்பட்டிக்கு வந்து பெண் பார்க்கிற சம்பிரதாயம் வேண்டாம் என்கிறார்களாம். புத்தாண்டு அன்று கடற்கரை ஹோட்டலில் ஸ்பெஷல் லஞ்ச் இருக்கிறதாம். இரண்டு குடும்பமும் அங்கே சந்திக்கலாமாம். அவர்களே டேபிள் புக் செய்துவிட்டார்களாம்.

கேட்டதும் எனக்கு மூக்கு வியர்த்தது. ஏன் ஹோட்டல்? எங்கள் வீட்டுக்கு வர என்ன கஷ்டம்? சரி, எங்களை அவர்கள் வீட்டுக்காவது கூப்பிடலாமே? வீட்டில் எதை மறைக்கிறார்கள்?

என் மனைவி செல்விக்கு வேறு சந்தேகம்.

"ஓட்டல்ல சாப்பிட்டா, அது கை நனைச்ச கணக்கா இல்லையாங்க?"

நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சம்பந்தம் பேசி முடியும்வரை ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைக்கக் கூடாது. காபி, மிக்சர் பரவாயில்லை. உட்கார்ந்து சோறு சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். போன வருஷம் ஒரு வீட்டில் வற்புறுத்தினார்கள் என்று சாப்பிட்டுவிட்டு வந்தோம். ஊரெல்லாம் முடிவாகிவிட்டது என்று பேச்சு. அப்புறம் அவர்கள் ஜாதகம் சேரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். நிவேதா அன்றைக்கே சென்னைக்குப் பஸ் ஏறிவிட்டாள். செல்விதான் அடுப்படியில் நின்று நின்று அழுதாள். அந்தச் சோற்றை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு எரிகிறது.

என் தம்பியைக் கேட்டோம். அவன் தீர்ப்புச் சொன்னான். "சமைக்கது யாரா இருந்தா என்ன? கூப்பிடுதது அவிய. வாங்கிக் குடுக்கது அவிய. அப்போ அது அவிய சோறுதான்."

முடிந்தது. சாப்பிடக் கூடாது. நிவேதாவிடமும் சொன்னோம். போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றாள்.

ஹோட்டல் வாசலில் கிறிஸ்துமஸ் மரத்தை இன்னும் எடுக்கவில்லை. அதன் பக்கத்தில் பஞ்சுத் தாடி வைத்த தாத்தா ஒருவர் அந்த வெயிலில் வியர்த்து வழிந்துகொண்டு, "வாங்க அண்ணாச்சி, ஹேப்பி நியூ இயர்" என்று டாஃபி நீட்டினார். கையில் ஒரு காகிதப் பட்டையை வேறு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில்தான் இப்படிக் கட்டுவார்கள்... இங்கே எதற்கு? டாஃபியைப் பையில் போட்டுக்கொண்டேன். யார் கொடுத்த டாஃபி என்பது தெளிவாகும்வரை தின்பதாக இல்லை.

பையனின் அப்பா நல்ல உயரம். "வாங்கண்ணாச்சி" என்று கையைப் பிடித்தார். அம்மா பட்டுச்சேலையில், கொஞ்சம் பதற்றமாகச் சிரித்தார். கார்த்திக் எழுந்து நின்று வணங்கினார். ஒழுங்கான பையனாகத்தான் தெரிந்தது. ஒழுங்காகத் தெரிகிற நோட்டைத்தான் இரண்டு தடவை பார்க்க வேண்டும்... இல்லையா?

கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் இருவரும் தோசை போடுகிற இடத்தைப் பார்க்கப் போகிறோம் என்று எழுந்து போனார்கள். நாங்கள் நான்கு பேர் மிச்சம்.

"சாப்பிடுங்கண்ணாச்சி" என்றார் அவர்.

"நீங்க முதல்ல எடுங்க" என்றேன் நான்.

காலையில் லேட்டாகச் சாப்பிட்டுவிட்டோம் என்று செல்வி ஒரு பொய் சொன்னாள். எனக்குச் சுகர், நேரம் பார்த்துத்தான் சாப்பிடுவேன் என்று நான் ஒன்று சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சட்டென்று வாடியது. கணவரைப் பார்த்தார். அவர் கையிலெடுத்த தட்டைத் திரும்ப வைத்தார். தங்களுக்கும் பசியில்லை என்றார்.

அவ்வளவுதான். எனக்குப் பொறி தட்டியது. கூப்பிட்டவர்களே சாப்பிடவில்லை என்றால் என்ன அர்த்தம்? அவர்களும் கை நனைக்க மாட்டேன் என்கிறார்கள். அதாவது, பெண்ணைப் பிடிக்கவில்லை!

வெயிட்டர் சூப் கொண்டு வந்தார். ஸ்பூனில் குடித்தால் கை எப்படி நனையும் என்று சட்டம் பேசத் தோன்றியது. மேஜைக்கு அடியில் செல்வி என் காலை மிதித்தாள். சூப் திரும்பிப் போனது. மேடையில் ஒருவர் மைக்கில் விளையாட்டு நடத்தினார். ஜன்னலுக்கு வெளியே கடல் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் நால்வரும் இந்த வருஷம் மழை எப்படி, உளுந்து எப்படி என்று பேசிக்கொண்டே அடுத்த மேஜைக்காரர்களின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வயிறு கூப்பாடு போட்டது.

தூரத்தில் நிவேதா கண்ணில் பட்டாள். நின்றுகொண்டே சிரித்துச் சிரித்து தோசை தின்றுகொண்டிருந்தாள். அவள் தட்டில் கார்த்திக் எதையோ எடுத்து வைத்தார். பகீரென்றது. இங்கே பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்... அங்கே இவள் கை நனைத்துவிட்டாளே!

பையன் வீட்டார்தான் முதலில் கிளம்பினார்கள். 'போய்ப் பேசிட்டுச் சொல்லுதோம்' என்ற வாக்கியத்தை இரண்டு தரப்பும் ஒரே மாதிரி சொன்னோம்.

காரை நான் ஓட்டினேன். ஊர் எல்லை தாண்டியதும் மனதில் இருந்ததைக் கொட்டினேன். அவர்களுக்கு விருப்பமில்லை, தண்ணீரைக்கூடத் தொடவில்லை, நாமே வேண்டாம் என்று முந்திக்கொள்வதுதான் மரியாதை என்றேன். செல்வி ஆமாம் போட்டாள்.

பின் சீட்டிலிருந்து நிவேதா சொன்னாள். "எனக்கு அவரப் பிடிச்சிருக்குப்பா."

இருபத்தேழு வயதுப் பெண். தனக்கு ஒன்று வேண்டும் என்று இந்தக் குரலில் அவள் கேட்டு நான் கேட்டதில்லை. "அவிய ஒரு வாய் சாப்பிடலையேம்மா" என்றேன்.

"சரி. நீங்க சாப்பிட்டீங்களா?"

நான் கியரை மாற்றினேன். இரண்டு பக்கமும் கரிசல் பச்சையாகக் கிடந்தது. பின் சீட்டில் போன் மட்டும் டிங் டிங் என்று சத்தம் போட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, குறுக்குச்சாலை தாண்டியதும் ஒரு புரோட்டா கடை வரும், அங்கே நிறுத்துங்கள் என்றாள். நன்றாக இருக்குமாம். யார் சொன்னது என்றேன். ரிவியூ பார்த்தாளாம். பசி... நான் மேலே கேட்கவில்லை.

கடைக்குள் நுழைந்தால், முதல் பெஞ்சில் அந்தப் பட்டுச்சேலை. சால்னாவில் முக்கிய புரோட்டா வாய்க்குப் பாதி வழியில் நிற்கிறது. பக்கத்தில் மண்டிக்காரர். இலையில் இரண்டு ஆம்லெட். கார்த்திக் எழுந்து நின்றார்.

செல்விதான் தாங்க மாட்டாமல் கேட்டாள். "அங்கன இவ்வளவு இருந்துச்சே... நீங்க ஒண்ணும் தொடலையே?"

அந்த அம்மா புரோட்டாவை இலையில் வைத்தார். கண் கலங்கியிருந்தது.

"வீட்டுக்குக் கூப்பிட்டா கை நனைக்க மாட்டீங்க, ஓட்டல்னா வழக்கம் பாக்காம நிம்மதியா சாப்பிடுவீங்கன்னுதான் அங்கன வரச் சொன்னோம். நீங்க தட்டையே எடுக்கல. என் பிள்ளையப் பிடிக்கலன்னு நினைச்சிட்டேன். அப்புறம் எனக்கு எப்படி இறங்கும்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்கள் கடலையே காட்டிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். நான் தாழ்ப்பாள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அந்த அம்மா தன் புரோட்டாவைப் பிய்த்தார். பாதியை எதிர் இலையில் வைத்தார். "உக்காந்து சாப்பிடுங்க மதினி."

மதினி! செல்வி என்னைப் பார்த்தாள். நான் நிவேதாவைப் பார்த்தேன். அன்றைக்கு முதல் தடவையாகப் போனை விட்டுவிட்டு, அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உட்கார்ந்து, புரோட்டாவைப் பிய்த்து, மணிக்கட்டு வரைக்கும் சால்னாவில் கை நனைத்தேன். மண்டிக்காரர் சிரித்துவிட்டார். "இன்னொரு ஆம்லெட் சொல்லுதேன் சம்பந்தி" என்றார்.

மூன்றாவது புரோட்டாவில்தான் எனக்குப் பழைய புத்தி திரும்பியது. தூத்துக்குடியிலிருந்து விளாத்திகுளம் போகிறவர்களுக்குக் குளத்தூர் வழிதானே நேர்? இவர்கள் கோவில்பட்டி ரோட்டுப் பக்கம் எதற்கு வந்தார்கள்? கார்த்திக்கைப் பார்த்தேன். குனிந்துகொண்டார். நிவேதா போனைக் கவிழ்த்து வைத்தாள். ஹோட்டல், டாஃபி, சூப் என்று உலகத்தையே சந்தேகப்பட்டவன், என் காரின் பின் சீட்டை விட்டுவிட்டேனே!

"அந்த ரிவியூ எழுதுனது யாரும்மா?" என்றேன்.

"புரோட்டா ஆறுதுப்பா... சாப்பிடுங்க" என்றாள்.