அக்கா இல்லாமலும் நடக்க வேண்டிய பட்டறை

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டாகும் இன்று, எங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இத்தகைய நினைவு மலர்களில் மறைந்தவரைத் துணிச்சல்காரர் என்று எழுதுவது வழக்கம். அப்படி எழுதினால் அக்காவே சிரித்திருப்பார். அவர் பயந்த சுபாவம் உடையவர். அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தில் பாதி வழியில் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வருவார். அப்படிப்பட்டவர் எவ்வாறு ஒரு மரவேலை நிறுவனத்தைத் தொடங்கினார் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

தொண்டைமானாற்றில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து அலைந்தபோது எங்கள் தகப்பனாரான ஐயா காய்ச்சலில் காலமானார். அத்தோடு படிப்பை நிறுத்திய அக்கா, அச்சுவேலியில் கட்டில், மேசை செய்து விற்கும் ஒரு தளபாடக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஓடர் எடுப்பதும், சொன்ன நாளில் பொருள் போகிறதா என்று பார்ப்பதும் அவருடைய பொறுப்பு. அங்கே தச்சு வேலை செய்த அத்தானை மணந்தார். தங்கையான எனக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை கிடைக்கும் வரை என்னைப் படிப்பித்தவரும் அவரே.

சில ஆண்டுகளுக்கு முன் கடை முதலாளி தம் பிள்ளைகளுடன் இருப்பதற்காக வெளிநாடு போக முடிவெடுத்தார். கடை மூடப்படும் என்ற செய்தியோடு அத்தானும் அவருடன் வேலை செய்த இரண்டு தச்சர்களும் எங்கள் விறாந்தையில் வந்து இருந்தார்கள். அக்காதான் வாய் திறந்தார்.

"நாங்களே ஒரு கொம்பனி துடங்கினால் என்ன?"

சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்தார். குடிக்காமலே கீழே வைத்துவிட்டு, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க உள்ளே போனார்.

அத்தானுக்குச் சித்திர வேலைப்பாடுள்ள கட்டில்கள் செய்ய ஆசை. கொழும்பிலிருந்து மலிவாக வரும் கட்டில்களோடு போட்டி போட முடியாது என்று அக்கா மறுத்தார். வீடு கட்டும் இடமெல்லாம் சைக்கிளில் போய் வீட்டுக்காரரையும் மேசன்மாரையும் விசாரித்தார். கதவும் யன்னலும் நேரத்துக்கு வருவதில்லை, புதுவீட்டுக் குடிபூரலுக்கு நாள் வைத்த பிறகும் காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று எல்லோரும் குறைப்பட்டார்கள். ஆகவே நிலை, கதவு, யன்னல் மட்டும் செய்வது, சொன்ன நாளில் கொடுப்பது என்று தொழில் திட்டத்தை எழுதத் தொடங்கினார்.

ஒவ்வொரு பக்கமும் எழுதி முடிய அவருக்கு ஒரு புதுப் பயம் வரும். மாரி மழையில் மரம் காயாவிட்டால்? கறண்ட் நின்றால்? யாராவது மெசினில் விரலைக் கொடுத்துவிட்டால்? பதில் கிடைக்கும் வரை சாப்பாடு இறங்காது. கோடையிலேயே மரம் வாங்கி அடுக்குவது என்றும், மெசின் வாளுக்கு மூடி பூட்டாமல் வேலை தொடங்குவதில்லை என்றும் திட்டத்தில் சேர்ந்தவை எல்லாம் அந்தப் பயத்தில் வந்தவையே.

அக்கா, அத்தான், நான் மூவரும் வங்கிக்குப் போய்க் கடன் கேட்டோம்; அதிகாரி திட்டத்தைப் பொறுமையாக வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனால் எல்லாப் பொறுப்பும் உங்கடை தலையிலைதானே இருக்கு, அம்மா. உங்களுக்கு ஏதும் நடந்தால் ஆர் நடத்துறது?"

அத்தான் கோபத்தோடு எழும்பினார். "என்ன கதை கதைக்கிறீங்கள்?"

அக்கா அவருடைய கையைப் பிடித்து இருத்தினார். "அவர் கேட்டது சரியப்பா."

வெளியே வந்து, பஸ் தரிப்பிடத்தில் வைத்துத்தான் எங்களிடம் சொன்னார். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் செய்த பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. புற்றுநோய்.

திட்டம் அத்தோடு போயிற்று என்றே நான் நினைத்தேன். மறுநாள் காலை அக்கா அதை மறுபடியும் எடுத்து, தம் பொறுப்புகளை ஒவ்வொன்றாக மற்றவர்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஓடர் எடுக்கிறதுக்கும் அளவு பாக்கிறதுக்கும் உன்னை எழுதட்டே?"

எனக்குப் படிக்கிற பிள்ளைகள் இருவர். என்னுடையது மாதம் முடியச் சம்பளம் தவறாமல் வருகிற வேலை. "எனக்குப் பயமா இருக்கக்கா" என்றேன்.

"எனக்கும்தான். பயமில்லாத ஆளெண்டால் உன்னைக் கேட்டிருக்கமாட்டன். பயந்த ஆள்தான் நிலையை அனுப்ப முதல் திருப்பி அளந்து பாக்கும்."

"ஓம், எழுதுங்கோ" என்றேன்.

அத்தானைப் பற்றித்தான் அவருக்குப் பெருங்கவலை. அத்தானுக்கு யாரிடமும் மறுத்துச் சொல்ல வராது. சிகிச்சைக்குப் போய் வந்த நாட்களிலும், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு கதிரையில் சாய்ந்தபடி, அக்கா வாடிக்கையாளராக நடித்து அவரைப் பழக்கினார்.

"தம்பி, அடுத்த கிழமை எங்கடை குடிபூரல். அதுக்குள்ளை ஒரு கதவு வேணும்."

"அடுத்த கிழமையோ... பாப்பம்."

"பாப்பமெண்டு சொல்லக்கூடாது! ஏலாதெண்டு சொல்லுங்கோ."

"குடிபூரலெல்லே, பாவமப்பா."

"ஐயோ, ஆரப்பா பாவம்? நான்தானே கேக்கிறன்!"

இருவரும் சிரித்தார்கள். அத்தான் முகம் கழுவப் போவதுபோல் கிணற்றடிக்குப் போனார். வெகு நேரம் திரும்பி வரவில்லை.

இரண்டாம் முறை வங்கி சம்மதித்தது. முதல் யன்னல்கள் லொறியில் ஏறியபோது அக்கா வாசல் படலையடியில் கதிரை போட்டு இருந்தார். நாங்கள் அவருடைய மகிழ்ச்சியைப் பார்க்கக் காத்து நின்றோம். "கயிறை இறுக்கிக் கட்டினவங்களோ?" என்று மட்டும் கேட்டார். கடைசி நாட்களில், நினைவு தெளியும்போதெல்லாம் மழை படாமல் மரத்துக்குத் தறப்பாள் போட்டாயிற்றா என்று விசாரித்தார். மாரி தொடங்க முன்னரே, ஒரு காலையில், அத்தானின் மடியில் அடங்கினார்.

அந்த மாரியில் தறப்பாளையும் மீறி மரம் நனைந்தது. ஒரு வீட்டுக்குக் கதவு பிந்தப் போகிறது என்பதைச் சொல்ல நான் பயந்துகொண்டே போனேன். வீட்டுக்காரர் வேறு நாள் தந்தார். பட்டறை நடக்கிறது. அடுத்த ஆண்டும் நடக்குமா என்று எங்களுக்கு உண்மையில் தெரியாது.

அக்காவைப் பராமரித்த வைத்தியர்கள், தாதியர், சமைத்துத் தந்த அயலவர், விட்டுப் போகாத இரண்டு தச்சர்கள், கேட்கத் தயங்கும் கேள்வியைக் கேட்ட அந்த வங்கி அதிகாரி எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒரு வேண்டுகோளும் உண்டு. நாளை ஒரு வீட்டுக்கு யன்னல்கள் போகவேண்டும்; சிலவற்றுக்கு இன்னும் கொக்கி பூட்டவில்லை. படையல் முடிந்து நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அத்தானும் நானும் எழும்பிப் பட்டறைக்குப் போனால், மரியாதைக் குறைவென்று எண்ணாதீர்கள். அக்கா இருந்திருந்தால், பந்தி விரிக்க முன்னரே எங்களைப் பட்டறைக்குக் கலைத்து விட்டிருப்பார்.